வைரச் சுரங்கமும் ஆழ்தாது மதிப்பீடும்

கையிலுள்ள மணியை மதிப்பிடுதல் ஒரு கலை. நிலத்துள் ஆயிரம் மீற்றர் ஆழத்தில், எவர் கண்ணும் காணாத பாறைக்குள்ளே கிடக்கும் மணியை மதிப்பிடுதல் முற்றிலும் வேறொரு கலை. முன்னையதற்கு நல்ல ஒளியும், உருப்பெருக்கும் வில்லையும், பழகிய கண்ணும் போதும். பின்னையதற்குப் புவிச்சரிதவியல், கணிதம், இரசாயனம், பொருளியல் என்னும் துறைகள் யாவும் ஒருங்கு கூடி உழைத்தல் வேண்டும். உழைத்தும் விடை ஐயமறக் கிடைப்பதில்லை. ஒரு வைரச் சுரங்கம் தன் மேற்பகுதித் தாதுவை அகழ்ந்து முடிக்குங் காலம் நெருங்கும்போது, அதனை நடத்துவோர் முன் ஒரு வினா எழுகின்றது. இன்னும் ஆழத்தே செல்வதா, அன்றி மூடிவிட்டுப் போவதா? ஆழத்தே செல்வதாயின் முதலாவது வைரம் கைக்கு வருமுன்னரே பெருந்தொகைப் பணத்தையும் பல்லாண்டு உழைப்பையும் மண்ணுள் இடவேண்டும். அவ்வினாவுக்கு அறிவியல் எவ்வாறு விடை தேடுகின்றது, எவ்விடத்தில் அது கைவிரித்து நிற்கின்றது என்பவற்றைத் தென்னாபிரிக்காவின் கலினன் சுரங்கத்தை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

கலினன் சுரங்கம் பிரிற்றோரியா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. தோமசு கலினன் என்பார் 1902ஆம் ஆண்டையொட்டி இந்நிலத்தை வாங்கிச் சுரங்கத்தைத் தொடக்கினார். அந்நாளில் அதற்குப் 'பிறீமியர்' என்றே பெயர். நூற்றாண்டு நிறைவான 2003இலே தோற்றியவரின் பெயர் சூட்டப்பட்டது. 1905ஆம் ஆண்டு சனவரி மாதம் 26ஆம் நாள் இங்கு எடுக்கப்பட்ட கல் 3,106 கரற்று நிறையுடையது. ஒரு கரற்று என்பது ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கு. எனவே அக்கல் ஒன்றேகால் இறாத்தலுக்கும் மேற்பட்டது. திரான்சுவால் அரசு 1907இல் அதனை 150,000 பவுணுக்கு வாங்கி ஏழாம் எட்வேட் மன்னருக்கு அளித்தது. அன்றுதொட்டு நூறு கரற்றுக்கு மேற்பட்ட கற்கள் எழுநூறுக்கும் அதிகமாக இச்சுரங்கத்திலிருந்து வெளிவந்துள்ளன. பெருங்கல் என்றால் கலினன், கலினன் என்றால் பெருங்கல் என்று வணிகர் கூறும் அளவுக்கு இதன் புகழ் நிலைத்துவிட்டது. இப்புகழே பின்னர் மதிப்பீட்டாளரின் தலைவலியாகவும் ஆயிற்று. அதனைப் பின்னே காண்போம்.

வைரமும் காரீயமும் ஒரே காபனின் இரு வடிவங்கள் என்பது மாணவர் அறிந்ததே. காபன் வைரமாகப் பளிங்குருவாதற்கு மிகுந்த அமுக்கம் வேண்டும்; அத்தகைய அமுக்கம் நிலப்பரப்பின்கீழ் ஏறத்தாழ 150 கிலோமீற்றருக்கு அப்பாலேயே அமைகின்றது. அவ்வளவு ஆழத்திலிருந்து வைரத்தை மேலே சுமந்து வந்தது கிம்பலைற்று எனப்படும் எரிமலைப் பாறைக்குழம்பு. அது பேராற்றலோடு பீறியெழுந்து, மேலே அகன்றும் கீழே செல்லச்செல்லக் குறுகியும் புனல்போன்ற குழாய்களைத் துளைத்து, அவற்றுள்ளேயே உறைந்தது. கலினன் குழாய் ஏறத்தாழ 115 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிலப்பரப்பில் அதன் வாய் ஏறத்தாழ 80 ஏக்கர் பரப்புடையது.

நமது நாட்டில் போகலைச் சுரங்கத்திலே காரீயம் பாறைப்பிளவுகளில் நரம்புபோல் ஓடுகின்றது. அங்கே இறங்கி நிற்பவன் அந்நரம்பின் தடிப்பைக் கோலால் அளக்கலாம். கைவிளக்கின் ஒளியிலேயே அதன் தரத்தை ஒருவாறு கூறலாம். வைரச் சுரங்கத்தின் நிலை அஃதன்று. கிம்பலைற்றுச் சுவரின் முன் வாழ்நாள் முழுவதும் நின்று தொழில்செய்த ஒருவன், பாறையிற் பதிந்திருக்கும் வைரத்தை ஒருமுறையேனும் கண்ணாற் காணாமலே ஓய்வுபெறுதல் கூடும். இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால் இனி வருவன எளிதில் விளங்கும்.

ஆழத்தில் என்ன உண்டு என்ற வினா வைரத் தொழிலோடு உடன்பிறந்தது. 1871இல் கிம்பர்லியில் வைரங் கண்டவர்கள் முதலில் தோண்டியது காற்றும் மழையும் பட்டு உக்கிப்போன மஞ்சள் மண்ணை. ஐம்பது அறுபது அடி சென்றதும் அம்மண் முடிந்து, நீலச்சாயலான கடும்பாறை தோன்றிற்று. வைரம் மஞ்சள் மண்ணோடு முடிந்தது என்று பலர் முடிவுகட்டித் தத்தம் நிலத்துண்டுகளை வந்த விலைக்கு விற்றனர். அந்நீலப் பாறையே மஞ்சள் மண்ணின் மூலம். மஞ்சள் மண் அதன் உக்கிய தோலேயன்றி வேறன்று. இதனை நம்பியோ துணிந்தோ வாங்கியவர்களுள் பார்ணி பார்ணற்றோ என்பார் ஒருவர். 1876இல் அவர் வாங்கிய நாலு துண்டு நிலம் அவரைப் பெருஞ்செல்வராக்கிற்று. நீலப் பாறைக்குக் கிம்பலைற்று என்ற பெயரை 1887இல் கார்வில் லூயிசு என்னும் புவிச்சரிதவியலார் சூட்டினார். 1914இல் கிம்பர்லிச் சுரங்கம் மூடப்படும்போது நிலத்தடி வேலை 1,097 மீற்றர் ஆழத்தை எட்டியிருந்தது. அறுபதடியில் முடிந்தது என்று விற்றவர்களும் மூடரல்லர். அவர்கள் கையில் இருந்த சான்று அவ்வளவே. ஆழ்தாது மதிப்பீட்டின் வரலாறு இவ்விற்பனையிலிருந்தே தொடங்குகின்றது என்பது எமது கருத்து.

கலினனிலும் இதனையொத்த ஒரு தடை இருந்தது. குழாய் தோன்றியபின் அதனை ஊடறுத்துக்கொண்டு கபிரோ என்னும் கரும்பாறைக் குழம்பு கிடையாகப் புகுந்து உறைந்தது. இவ்வாறு கிடையாகப் புகுந்த பாறையைக் கிடைத்தீப்பாறை என்பர். ஏறத்தாழ 70 மீற்றர் தடிப்புள்ள இப்பாறை, 400 மீற்றர் அளவான ஆழத்தில் குழாயினுள்ளே சற்றுச் சாய்வாக, பானைக்குள் விழுந்த மூடிபோற் கிடக்கின்றது. அதில் வைரம் இல்லை. ஆயினும் அது குழாய்க்குப் பிந்தியது. எனவே தனக்கு முன்பே அங்கிருந்த தாதுவை அது அழித்திருக்க முடியாது, துண்டித்திருக்கவே முடியும். துளையிட்டுப் பார்த்தபோது மூடியின்கீழும் கிம்பலைற்று தொடர்வது உறுதியாயிற்று. 1990ஆம் ஆண்டையொட்டி மூடியின்கீழுள்ள தாது அகழப்படலாயிற்று. ஆகவே "தாது உண்டா" என்ற வினா கலினனில் வெகுகாலம் நிற்கவில்லை. "எவ்வளவு உண்டு, அஃது என்ன பெறும்" என்பவையே நின்றன, இன்றும் நிற்கின்றன.

ஒரு தாதுத்தொகுதியின் பெறுமதி நான்கு எண்களின் பெருக்கம் எனலாம். கன அளவு ஒன்று; அடர்த்தி ஒன்று; நூறு தொன் பாறையில் எத்தனை கரற்று உண்டு என்ற செறிவு ஒன்று; ஒரு கரற்றின் சராசரி விலை ஒன்று. முதலிரண்டும் ஒப்பளவில் எளியன. சுரங்கத்தின் நிலத்தடிப் பாதைகளிலிருந்து விசிறிபோல் பல திசைகளிலும் துளையிட்டு, கிம்பலைற்று எங்கே முடிந்து சுற்றுப்பாறை எங்கே தொடங்குகின்றது என்பதைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, அப்புள்ளிகளை இணைத்தால் குழாயின் வடிவம் கிடைக்கும். இதிலும் கவனம் வேண்டும். இருநூறு மீற்றர் ஆரையுள்ள ஒரு குழாயின் சுவரைச் சுற்றிலும் ஐந்து மீற்றர் பிழையாகக் குறித்துவிட்டால், கன அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை நேரும். அடர்த்தியைத் துளையிலிருந்து எடுத்த பாறைத்தண்டைக் காற்றிலும் நீரிலும் நிறுத்தே அறியலாம். ஆக்கிமிடீசின் தத்துவத்துக்கு இங்கும் வேலையுண்டு.

வடிவத்தைவிட உள்ளமைப்பே முக்கியமானது. ஒரு குழாய் ஒரே வெடிப்பில் நிரம்பியதன்று. கலினனில் சாம்பல்நிறம், கபிலம், கருமை எனப் பிரித்தறியப்படும் கிம்பலைற்று வகைகள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு எழுச்சியில் வந்தது. ஒவ்வொன்றிலும் வைரச்செறிவு வேறு. இடையிடையே சுற்றுச்சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த வெறும் பாறைப்பாளங்களும் உண்டு. மேற்பகுதியில் நூறாண்டு அகழ்ந்து பெற்ற அனுபவம் ஆழத்துக்குப் பொருந்துமா என்பது, மேலே கண்ட அதே வகை கீழேயும் தொடர்கின்றதா என்பதைப் பொறுத்தது. எனவே புவிச்சரிதவியலார் பாறைத்தண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இன்ன துண்டு இன்ன எழுச்சிக்குரியது என்று வகுப்பர். மதிப்பீடு முழுவதற்கும் இதுவே அத்திவாரம். இங்கே பிழைத்தால் பின்வரும் கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும் பயனில்லை. கணிதத்தின் பொலிவில் மயங்கிப் பாறையை மறப்போர் எக்காலத்தும் உளர்.

இனி மூன்றாவது எண்ணாகிய செறிவுக்கு வருவோம். கலினனில் ஒரு தொன் பாறையில் அரைக் கரற்றுக்கும் குறைவான வைரமே உண்டு. தொன்னுக்கு 0.4 கரற்று என்று கொண்டால், ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் பங்கு பாறையில் ஒரு பங்கு வைரம் என்று ஆகின்றது. பொன் சுரங்கத்தில் தொன்னுக்கு ஐந்து கிராம் கிடைத்தால் அது இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. அன்றியும் பொன் நுண்துகளாய்ப் பாறையெங்கும் விரவிக் கிடக்கும். கையளவு மாதிரியைப் பொடித்து ஆய்ந்தாலும் ஒருவாறு உண்மை தெரியும். வைரமோ தனித்தனிக் கற்களாய், ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடப்பது.

ஆழத்தில் இடும் சாதாரணத் துளையிலிருந்து வெளிவரும் பாறைத்தண்டு ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் விட்டமுடையது. நூறு மீற்றர் நீளத் தண்டை அப்படியே எடுத்து நிறுத்தாலும் அது ஒரு தொன் தேறாது. ஏறத்தாழ 850 கிலோகிராமே இருக்கும். அதிலே எதிர்பார்க்கத்தக்க வைரம் ஏறத்தாழ மூன்றிலொரு கரற்று. அஃது ஒரே கல்லாயின் ஒரு மிளகளவே. துளை அந்த மிளகிலிருந்து ஓரங்குலம் விலகிப் போயிருந்தால் விடை சூனியம். தப்பாமல் அதன்மேற் பட்டிருந்தால் "செழிப்பான தாது" என்பது விடை. இரண்டும் பொய். இவ்வாறான நூறு துளைகளிட்டாலும் கிடைப்பது ஒரு சிறு பெட்டியளவு கற்களே. நிலப்பரப்பை அண்டிய பகுதியாயின் இரண்டடி விட்டமுள்ள பெருந்துளைகளிட்டு, மீற்றருக்கு முக்கால் தொன்வரை பாறை எடுத்து, ஆலையிலிட்டு வைரத்தைப் பிரிக்கலாம். அத்தகைய துளைகள் சில நூறு மீற்றருக்கப்பால் செல்வது அரிது. பாதை வெட்டி ஆயிரக்கணக்கான தொன்னை எடுத்துப் பார்ப்பதாயின், அதற்கே ஒரு சுரங்கம் அமைக்கவேண்டும். எதை முடிவுசெய்ய மாதிரி வேண்டுமோ, அம்முடிவை முன்னரே எடுத்துவிட்டதாக அது முடியும்.

இத்தகைய இடர்ப்பாட்டிலிருந்து ஒரு புதிய கணிதத்துறையே பிறந்தது என்பது வியத்தற்குரியது. தென்னாபிரிக்கப் பொறியியலாளரான தானி கிரிகே 1951இல் பொற்சுரங்க மாதிரிகளை ஆராய்ந்து, ஓரிடத்தின் செறிவை அவ்விடத்து மாதிரியைக்கொண்டு மாத்திரம் கணித்தல் பிழை, அயலிலுள்ள மாதிரிகளுக்கும் தக்க நிறை கொடுத்துக் கணித்தலே செவ்விது என்று காட்டினார். பிரான்சு நாட்டுக் கணிதரான சோர்ச் மாத்தரோன் அதனை அறுபதுகளில் விரித்து ஒரு முறையான கோட்பாடாக்கி, கிரிகேயின் பெயராலேயே அம்முறையை வழங்கினார். வைரத்துக்கென்று தனியாக வழிகண்டவர் ஏர்பேட் சிக்கல் என்னும் புள்ளிவிபரவியலார். கற்களின் எண்ணிக்கை வேறு, கற்களின் பருமன் வேறு. இரண்டையும் தனித்தனிப் பரம்பல்களாகக் கொண்டு பின்னர் இணைக்கவேண்டும் என்பது 1973இல் அவர் வெளியிட்ட ஆய்வின் கருத்து. இன்றும் மதிப்பீட்டாளர் செல்லும் பாதை இதுவே.

ஆயினும் கணிதம் மாதிரியை உண்டாக்காது. உள்ள மாதிரியை நன்கு பயன்படுத்தவே கற்பிக்கும். எனவே சிறு மாதிரியிலும் மிகுதியாகக் கிடைக்கும் ஒரு பொருளைத் தேடவேண்டியதாயிற்று. அதுவே நுண்வைரம். ஒரு குழாயில் பெரிய கல் ஒன்று இருந்தால் அதைவிடச் சிறியன பலவும், மிகச் சிறியன மிகப் பலவும் இருக்கும். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த வைரத்துணுக்குகள் வணிகத்தில் ஒரு சதமும் பெறா. ஆயின் அவை பத்துக் கிலோகிராமுக்கும் குறைந்த பாறைத்துண்டிலேயே அகப்படக்கூடியன. பாறைத்தண்டின் துண்டுகளை எரிசோடாவுடன் சூளையிலிட்டு ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் உருக்குவர். பாறை கரைந்துவிடும், வைரம் கரையாது எஞ்சும். எஞ்சியவற்றைச் சல்லடைகளிலே பருமன்வாரியாகப் பிரித்து எண்ணி, மடக்கைத்தாளில் குறித்தால், ஒழுங்காக இறங்கும் ஒரு வளைகோடு தோன்றும். அக்கோட்டைப் பெரிய பருமன்களின் திசையில் நீட்டினால், தண்டில் அகப்படாத பெருங்கற்கள் எவ்வளவு இருத்தல்கூடும் என்று கணிக்கலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆகைல் குழாயில் இம்முறை ஆராயப்பட்டு, 1989இல் அதன் பெறுபேறு வெளியிடப்பட்டது. பின்னர் பல நாட்டுச் சுரங்கங்களிலும் ஆழ்துளைகளை மதிப்பிட இதுவே பெருந்துணையாயிற்று.

இம்முறை ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது. சிறு வைரமும் பெருவைரமும் ஒரே குடும்பத்தன. ஒரே ஊற்றிலிருந்து ஒரே விகிதத்தில் வந்தன என்பதே அது. பெரும்பாலான சுரங்கங்களில் இஃது ஏற்கத்தக்கது. கலினனிலோ இவ்வெடுகோள் உடைகின்றது. 2016இல் அமெரிக்க மணியியல் நிறுவனத்தைச் சேர்ந்த இவான் சிமித்தும் அவர்தம் குழுவினரும் கலினன், லெசோத்தோவின் லெற்செங் முதலிய சுரங்கங்களின் பெருங்கற்களை ஆராய்ந்தனர். அவற்றினுள் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்துளிகள் சிறைப்பட்டிருந்தன. மற்றை வைரங்கள் 150 முதல் 200 கிலோமீற்றர் ஆழத்தில் தோன்ற, இவை 360 முதல் 750 கிலோமீற்றர் வரையான ஆழத்தில் உருகிய உலோகத்தினின்றும் பளிங்குருவானவை என்று அவர்கள் நிறுவினர். அவ்வகைக் கற்களுக்கு அவர்கள் இட்ட 'கிளிப்பர்' என்ற சுருக்கப்பெயரின் முதலெழுத்து 'கலினனையொத்த' என்பதையே குறிக்கின்றது. நீலக்கற்களும் அவ்வாறே மிகுந்த ஆழத்தன என 2018இல் காட்டப்பட்டது.

இதன் விளைவை ஊன்றி நோக்குக. சோடாச் சூளையில் எஞ்சிய நுண்வைரங்கள் ஒரு குடும்பம்; சுரங்கத்துக்குப் புகழும் பொருளும் தரும் பெருங்கற்கள் வேறொரு குடும்பம். முன்னதன் எண்ணிக்கையிலிருந்து பின்னதன் எண்ணிக்கையை உய்த்துணர்தல், ஒரு குளத்தின் அயிரை மீன்களை எண்ணி, வெள்ளத்தோடு கடலிலிருந்து வந்து சேர்ந்த சுறாக்களை மதிப்பிடுவது போன்றதாம்.

இவ்விடத்தே நான்காவது எண்ணாகிய விலை, மற்றை மூன்றையும் விழுங்கிவிடுகின்றது. பொன்னுக்கும் செம்புக்கும் நிறையளவே விலையளவு. வைரத்துக்கு அவ்வாறன்று. ஒரு கரற்று நிறையுள்ள நூறு கற்களின் விலையும், நூறு கரற்று நிறையுள்ள ஒரே கல்லின் விலையும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமையுடையன. ஆகவே சராசரி விலையில் பெரும்பகுதியைச் சில அரிய கற்களே தீர்மானிக்கும் சுரங்கத்தில், அவ்வரிய கற்களின் அடுக்கமே உண்மையான மதிப்பீடு. அதனை மாதிரியால் அறியலாமா? கணக்கின்பொருட்டு, நூறு கரற்றுக் கல் ஒன்று மூன்று இலட்சம் தொன் பாறையில் சராசரியாக ஒருமுறை வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தில் பாதை வெட்டி முப்பதினாயிரம் தொன் என்னும் மாபெரும் மாதிரியை எடுத்தோம் என்றும் கொள்வோம். புவசோன் வகுத்த பரம்பலின்படி அம்மாதிரியில் அத்தகைய கல் ஒன்றேனும் அகப்படுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழப் பத்திலொன்றே. பத்தில் ஒன்பது முறை மாதிரி "பெருங்கல் இல்லை" என்று கூறும். எஞ்சிய ஒருமுறை, உள்ளதைப் போலப் பத்து மடங்கு உண்டு என்று கூறும். நடுவான உண்மையை எந்த மாதிரியும் கூறாது. சுரங்கமே தொடங்கி ஆண்டுக்கு முப்பது இலட்சம் தொன் எடுத்தாலும், சராசரி பத்துக் கற்கள் எனினும், ஓராண்டில் ஏழும் மற்றோராண்டில் பதின்மூன்றும் வருதல் இயல்பு. தாது மாறிவிட்டதா, தற்செயலா என்று அறியப் பல்லாண்டு செல்லும்.

எனவே கலினன் ஆழ்தாதுவுக்குச் சிறந்த மாதிரி எது எனின், மேலே நூறாண்டாக அகழப்பட்ட குழாய்ப்பகுதியே என்பது விடை. கோடிக்கணக்கான தொன் நிறையுள்ள மாதிரி அது. எந்தத் துளையும் அதற்கு ஈடாகாது. மூடிக்கு மேலும் கீழும் ஒரே கிம்பலைற்று வகைகள் தொடருமாயின், பெருங்கற்களும் தொடரும் என்று கொள்வது நியாயமே. ஆயின் அது நியாயமான நம்பிக்கையேயன்றி அளவீடன்று. தென்னாபிரிக்காவின் சாம்ரெக் விதிக்கோவை 2000ஆம் ஆண்டு முதல் கனிவளங்களை ஊகிக்கப்பட்டவை, சுட்டப்பட்டவை, அளக்கப்பட்டவை என மூன்று படிகளாக வகுத்துக் கூறவேண்டும் என்று விதித்ததன் காரணம் இதுவே. நம்பிக்கை எது, அளவீடு எது என்பதை முதலிடுவோன் அறிதல்வேண்டும். நீண்ட அட்டவணைகளிலே இவ்வேற்றுமை ஒரு சிறு சொல்லாக ஒதுங்கிக் கிடக்கும். வாசிப்போரிற் பலர் அச்சொல்லைத் தாண்டி மொத்தக் கரற்று எண்ணிக்கையையே காண்பர்.

ஆழத்தே அகழும் முறையும் இடரை மிகுவிக்கின்றது. தாதுப்பாளத்தின் அடியை அறுத்து வெறுமையாக்கி, மேற்பாறையைத் தன் பாரத்தாலேயே நொறுங்கிச் சரியவிட்டு, கீழேயுள்ள வாய்களால் வாரியெடுக்கும் முறையே இங்கு கையாளப்படுகின்றது. தொன்னொன்றுக்கு ஆகும் செலவு குறைவு. ஆயின் அடித்தளப் பாதைகள் யாவற்றையும் முதலிலேயே அமைத்துவிடவேண்டும். சரிவு தொடங்கியபின் செழிப்பான மூலையை மாத்திரம் தெரிந்தெடுக்க வழியில்லை. வகைகள் கலந்துவிடும், மேலிருந்த வெறும்பாறையும் உடன்விழும். பெருங்கற்கள் ஆலையில் நொறுங்காமல் வெளிவருதலும் வேண்டும். நிலத்துள் இருக்கும் செறிவு வேறு, கையிற் சேரும் செறிவு வேறு.

இவ்வாறான நிலையில் இரு தரப்பார் ஒரே பாறையை நோக்கி இரு முடிவுகளுக்கு வந்தனர். சுரங்கத்தைப் பல்லாண்டு நடத்திய டீ பியர்சு நிறுவனம், மூடியின்கீழ் எண்ணூறு மீற்றருக்கப்பாலுள்ள ஆழ்பாளத்தில் பணத்தை இடுவதிலும் சுரங்கத்தை விற்றுவிடுதலே நன்று என்று 2007இல் முடிவுசெய்தது. பெற்றா டயமண்ட்சு தலைமையிலான கூட்டு அதனை நூறு கோடி இராந்துக்கு வாங்கிற்று. 2008இல் கைமாற்றம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு செப்தெம்பரிலேயே 507 கரற்று நிறையுள்ள வெண்கல் ஒன்று வெளிவந்து, 2010இல் 3 கோடியே 53 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. 2014இல் 29.6 கரற்று நீலக்கல் ஒன்றும் 122.5 கரற்று நீலக்கல் ஒன்றும் அடுத்தடுத்துக் கிடைத்தன. டீ பியர்சு ஏமாந்தது என்று அப்போது பேசினோர் பலர்.

கதை அங்கே முடியவில்லை. ஆழ்பாளத்தை அமைக்கக் கடன் பெருகிற்று. வைரவிலை தளர்ந்தது, 2020இன் கொள்ளைநோய் சந்தையை முடக்கியது. 2021இல் பெற்றாவின் கடன் மறுசீரமைக்கப்பட்டு, கடன் கொடுத்தோரே நிறுவனத்தின் பெரும்பங்கினராயினர். டீ பியர்சு சரியாகவே கணித்தது என்று இப்போது பேச இடமுண்டாயிற்று. ஆனால் அதே ஆண்டு ஏப்பிரலில் அதே சுரங்கத்தில் 39.34 கரற்று நீலக்கல் ஒன்று கிடைத்தது. அதனை 4 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட விலைகொடுத்து வாங்கிய கூட்டில் ஒரு பங்காளர் டீ பியர்சே. பட்டை தீட்டப்பட்டு 15.10 கரற்றான அக்கல் 2022 ஏப்பிரலில் கொங்கொங் ஏலத்தில் 5 கோடியே 75 இலட்சம் டொலர் பெற்றது.

இருவருள் எவர் மதிப்பீடு பிழை என்று கேட்டால், எவரதும் பிழையன்று என்பதே எமது முடிபு. 507 கரற்றுக் கல் மதிப்பீட்டைப் பொய்ப்பிக்கவில்லை. கடனும் அதனைப் பொய்ப்பிக்கவில்லை. பல்லாண்டுச் சராசரியைக் கூறும் ஓர் எண்ணை ஓராண்டின் ஆதாயத்தாலோ இழப்பாலோ நிறுத்துப் பார்த்தல், ஒருமுறை நாணயத்தைச் சுண்டிவிட்டு அது செவ்விய நாணயமா என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பாகும். வேறுபட்டது பாறைபற்றிய அறிவன்று. தாங்கக்கூடிய இடரின் அளவே. பல சுரங்கங்களையுடைய பெருநிறுவனம் ஓர் ஆழ்பாளத்தின் நிச்சயமின்மையை விலக்க நினைத்தது. சிறிய நிறுவனமோ அந்நிச்சயமின்மையிலேயே தன் வாய்ப்பைக் கண்டது.

2018ஆம் ஆண்டுக்குப் பின் ஆய்கூடத்தில் வளர்க்கப்படும் வைரங்கள் மலிந்து, சிறு கற்களினதும் நடுத்தரக் கற்களினதும் விலையைப் பெரிதும் தாழ்த்திவிட்டன. இதனால் மதிப்பீட்டாளரின் பணி மேலும் கடினமாகின்றது. நுண்வைரக் கோட்டினால் நன்கு கணிக்கக்கூடியவை அச்சிறு கற்களே. அவற்றின் பெறுமதியோ குறைந்துகொண்டு வருகின்றது. ஆழத்தே செல்லும் செலவை ஈடுசெய்யும் பொறுப்பு வரவரப் பெருங்கற்களையே சார்கின்றது. அவையோ எந்தத் துளையிலும் அகப்படாதவை. இதற்கு மாற்றாக இப்போது ஆராயப்படும் வழிகளுள் ஒன்று, கிம்பலைற்று வகை ஒவ்வொன்றிலும் மிகுந்த ஆழத்திலிருந்து வந்த கனிப்பொருட்டுணுக்குகள் ஏதேனும் எஞ்சியுள்ளனவா என்று தேடுதல். பெருங்கல் அகப்படாவிடினும் அதனோடு உடன்வந்த துணை அகப்படலாம் அல்லவா? கலினனின் பாறைத்தண்டுகள் அதற்காகவும் மீண்டும் நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கப்படத் தக்கன.